பட்டாளத்துத் தாத்தாவின் வாழ்க்கையை எழுதி வைப்பது எப்படி

முதல் வேலை, அந்த டிரங்குப் பெட்டியை யாரும் ஒழித்துப் போடாமல் பார்த்துக்கொள்வது. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்த பெரியவர் வீட்டில் பெரும்பாலும் அது இருக்கும். கறுப்பு பெயிண்ட் அடித்த இரும்புப் பெட்டி, மூடியில் வெள்ளை எழுத்தில் நம்பர், ரேங்க், பெயர். பெரியவர் கண்ணை மூடிய பிறகு வீடே பரபரப்பாக இருக்கும். வெள்ளையடிப்பார்கள், பரணைக் காலி செய்வார்கள், பழைய துணியோடு பழைய காகிதத்தையும் மூட்டை கட்டி வெளியே வைப்பார்கள். யாருக்கும் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் ஒரு மனிதரின் இருபது வருஷ வாழ்க்கை அந்த மூட்டையில் போய்விடும். கருமாதி முடியும் வரை பெட்டியைப் பூட்டி, சாவியை வீட்டில் நிதானமான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.

நான் குடியாத்தம் பக்கத்துக்காரி. எங்கள் வேலூர் மாவட்டத்தில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத ஊரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். என் தாத்தா 1961-ல் பெங்களூரில் மெட்ராஸ் என்ஜினியர் குரூப்பில் சேர்ந்தார். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குத் தெரியும். 1979-ல் ஹவில்தாராக வெளியே வந்து, அப்புறம் மானாவாரி நிலக்கடலையும் ஒரு கிணற்றுப் பாய்ச்சலில் நெல்லும் வைத்துக்கொண்டு பெரிய குடும்பத்தைக் கட்டி ஆண்டார். அவர் போன பிறகு அவருடைய வாழ்க்கையைச் சின்னப் புத்தகமாகத் தொகுத்தேன். அதைப் பார்த்துவிட்டு அக்கம்பக்கத்து ஊர்களில் சில வீட்டார் கேட்க, அவர்களுக்கும் உட்கார்ந்து செய்து கொடுத்தேன்.

இந்த வேலையில் எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒன்றுதான். பட்டாளத்துக்காரரின் வாழ்க்கை இரண்டு இடத்தில் கிடக்கும். காகிதத்தில் தேதி இருக்கும், கதை இருக்காது. ஊர்க்காரர் வாயில் கதை இருக்கும், தேதி இருக்காது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறபோதுதான் உண்மையான ஆள் தெரிவார்.

பெட்டியைத் திறக்கும்போது

நல்ல பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரமாக ஒரு வெள்ளை வேட்டியை விரித்துக்கொள்ளுங்கள். உள்ளே எந்த வரிசையில் இருக்கிறதோ அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாக எடுத்து, முன்னும் பின்னும் போனில் படம் எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். எது எதோடு சேர்ந்து மடித்து வைக்கப்பட்டிருந்தது என்பதும் ஒரு தகவல்தான். என் தாத்தாவின் டிஸ்சார்ஜ் புக்குக்குள், அதாவது பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கும் பதிவுப் புத்தகத்துக்குள், ஒரு நிலப் பத்திர நகல் இருந்தது. இரண்டையும் பிரித்து வேறு வேறு ஃபைலில் போட்டிருந்தால், அவர் எதையெல்லாம் ஒன்றாக நினைத்தார் என்பது தெரியாமலே போயிருக்கும்.

லேமினேஷன் போடாதீர்கள். செல்லோடேப் ஒட்டாதீர்கள். மடிப்பில் கிழிந்த காகிதத்தை அப்படியே ஒரு பழுப்பு உறைக்குள் வைத்தால் போதும். கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிப்போன போட்டோவைப் பிய்த்து எடுக்கப் பார்க்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடி மேலேயே சாய்வாகப் படம் எடுங்கள். தனியாக இருக்கும் போட்டோக்களின் பின்பக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். ஸ்டுடியோ முத்திரை இருந்தால் ஊர் தெரியும். பட்டான்கோட், ஜலந்தர் என்று ஒரு முத்திரை கிடைத்தாலே ஒரு வருஷத்தின் பாதிக் கதை பிடிபடும். நீங்கள் எழுதி வைப்பதாக இருந்தால் மெல்லிய பென்சிலில் எழுதுங்கள், பேனா வேண்டாம்.

டிஸ்சார்ஜ் புக் கிடைத்துவிட்டால் முதுகெலும்பு கிடைத்த மாதிரி. சேர்ந்த தேதி, வெளியேறிய தேதி, ரேங்க், டிரேடு, படிப்பு, உடம்பில் அடையாளம், நடத்தை, மெடல்கள் எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு வரியையும் நோட்டில் எழுதுங்கள். "இது எதற்கு" என்று எதையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் தாத்தா துப்பாக்கி பிடித்து முன்வரிசையில் நின்றவர் என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். புக்கில் டிரேடு என்ற இடத்தில் கார்பெண்டர் என்று இருந்தது. சாப்பர்கள் பாலம் போடுபவர்கள், பாதை திறப்பவர்கள், கண்ணிவெடி புதைப்பவர்கள், எடுப்பவர்கள். அந்தப் படையில் தச்சுவேலை ஒரு முக்கியமான கை. அந்த ஒரு சொல்லைப் படித்த பிறகு, எங்கள் வீட்டு நிலைக்கதவுகள் எல்லாம் ஏன் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் தரையில் உரசாமல் மூடுகின்றன, மாட்டுத் தொழுவத்துக் கூரைச் சட்டம் ஏன் ஆணி இல்லாமல் கொளுவி நிற்கிறது என்பதற்கெல்லாம் விடை கிடைத்தது. அந்த மூலைப் பொருத்து ஒன்றைக் கிட்டப்போய்ப் படம் எடுத்துப் புத்தகத்தில் போட்டேன். சமையல்காரராக, டிரைவராக, நர்சிங் உதவியாளராக, கிளார்க்காக இருந்திருந்தாலும் அதை அப்படியே எழுதுங்கள். பேரப்பிள்ளைகள் சொல்லிக்கொள்ளும் கற்பனைச் சண்டையைவிட அவர் கையால் செய்த வேலை பெரியது.

மெடலை மட்டும் தயவுசெய்து புளி போட்டுத் துலக்காதீர்கள். விளிம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் பெரும்பாலும் நம்பர், ரேங்க், பெயர் பொறித்திருக்கும். துலக்கத் துலக்க அது தேயும். ரிப்பனையும் மாற்றாதீர்கள், மெடலை அடையாளம் காண அதன் நிறக்கோடுகள் வேண்டும். சமர் சேவா ஸ்டார் இருந்தால் 1965 போர்க்களத்தில் இருந்திருக்கிறார். ரக்‌ஷா மெடல் அந்தச் சமயத்தில் படையில் இருந்தவர்களுக்குப் பரவலாகக் கொடுத்தது. 1971-க்குக் கிழக்கே போனவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கே நின்றவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார். இதில் எது இருக்கிறது என்று பார்த்தாலே, "தாத்தா பங்களாதேஷ் சண்டைக்குப் போனார்" என்று வீட்டில் சொல்வது சரியா என்று தெரிந்துவிடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொன்னார்கள். பெட்டியில் இருந்ததோ பஸ்சிமி ஸ்டார். சைன்ய சேவா மெடலில் ரிப்பன் மேல் ஒரு சின்னப் பட்டை இருக்கும். அதில் ஜம்மு காஷ்மீர், நேஃபா (இன்றைய அருணாச்சலப் பிரதேசம்), ஹிமாலயா என்று எழுதியிருந்தால் எந்தப் பக்கத்தில் குளிரில் நின்றார் என்று அதுவே சொல்லும். ஒன்று தொலைந்திருந்தால், கடையில் பளபளவென்று வாங்கிச் சட்டத்தில் மாட்டிவிடாதீர்கள். "இந்த மெடல் இருந்தது, இப்போது இல்லை" என்று எழுதுவது மேல்.

பி.பி.ஓ. என்ற ஓய்வூதிய ஆணை, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை இரண்டையும் தனியாக எடுத்து வையுங்கள். குடும்ப ஓய்வூதியம் ஆயா (பாட்டி) பெயருக்கு மாறி முதல் பணம் வரும் வரை அசலை எந்தப் பேரனுக்கும் நினைவுப்பொருளாகக் கொடுக்கக் கூடாது. நகல் கொடுங்கள், போதும்.

இரண்டு பிறந்த தேதிகள்

அந்தத் தலைமுறையில் பலருக்கு இரண்டு பிறந்த தேதி உண்டு. பட்டாளத்து ரெக்கார்டில் ஒன்று, ஜாதகத்தில் ஒன்று. ஜாதக நோட்டு கிடைத்தால் தமிழ் வருஷத்தை ஆங்கில வருஷமாக மாற்றுவது எளிது. பிரபவ முதல் அட்சய வரை அறுபது வருஷம், 1927 சித்திரையில் ஒரு பிரபவ, 1987 சித்திரையில் அடுத்த பிரபவ. இடையில் எண்ணிக்கொண்டு போக வேண்டியதுதான். ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். தமிழ் வருஷம் சித்திரையில் தொடங்குவதால் மார்கழிப் பாதிக்கு மேல், தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்களுக்கு ஆங்கில வருஷம் ஒன்று கூடும். தாத்தா ஜாதகத்தில் தாரண வருஷம் மாசி மாதம். தாரண 1944-ல் பிறக்கிறது, ஆனால் மாசி 1945-ல் வருகிறது. டிஸ்சார்ஜ் புக்கில் 1943. அப்படியென்றால் ஆள் எடுக்கும் இடத்தில் நிற்கும்போது அவருக்குப் பதினாறு வயது. வீட்டில் இருந்த வறுமைக்கு அதைவிட வலுவான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. இரண்டு தேதியையும் எழுதி, எது எங்கிருந்து வந்தது என்றும் எழுதுங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை மறைக்க வேண்டாம். பெயரிலும் இதே கதை நடக்கும். எழுத்து மாறியிருக்கும், தகப்பனார் பெயர் பின்னால் ஒட்டியிருக்கும். ரெக்கார்டு ஆபீசுக்கு எழுதும்போது ரெக்கார்டில் உள்ள பெயரைத்தான் எழுத வேண்டும்.

பெட்டியில் எதுவும் இல்லையென்றால்

சர்வீஸ் நம்பர் ஒன்று கிடைத்தால் போதும், வழி இருக்கிறது. பெட்டி மூடியில், பழைய மணியார்டர் துண்டில், பாங்கு பாஸ்புக்கில் தேடுங்கள். மாவட்டத் தலைநகரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கும். அங்கே பதிவு செய்திருந்தால் அவர்களிடமே பாதி விவரம் கிடைக்கும். மீதி அந்தந்தப் படையின் ரெக்கார்டு ஆபீசில். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, சிக்னல்ஸுக்கு ஜபல்பூர். நம்பர், ரேங்க், பெயர், சேர்ந்த வருஷம், விலகிய வருஷம், உங்களுக்கு என்ன உறவு, என்ன விவரம் வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஆயா உயிரோடு இருந்தால் அவர் பெயரிலேயே, அவர் கையெழுத்தோ ரேகையோ வைத்து அனுப்புவது நல்லது. நல அலுவலகம் வழியாக அனுப்பினால் கடிதம் சரியான மேசைக்குப் போகும். கல்யாணம், குழந்தை பிறப்பு எல்லாம் பார்ட் டூ ஆர்டர் என்ற பெயரில் அவருடைய ரெக்கார்டில் ஏறியிருக்கும். அதையும் கேளுங்கள்.

கடிதங்களை எப்படிப் படிப்பது

இன்லண்ட் லெட்டரில் ஊர் பெயர் இருக்காது. கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ. அல்லது கேர் ஆஃப் 99 ஏ.பி.ஓ. என்றுதான் இருக்கும். ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் நிலையம். பொதுவாக முன்னது மேற்கு, வடக்குப் பக்கம், பின்னது கிழக்குப் பக்கம். தேதி இல்லாத கடிதமா, முத்திரையைப் பாருங்கள். அதுவும் அழிந்திருந்தால் முகவரியைப் பாருங்கள். பின்கோடு 1972 ஆகஸ்டு 15-ல்தான் வந்தது, எனவே பின்கோடு எழுதியிருந்தால் அதற்குப் பிந்தையது. வட ஆற்காடு ஜில்லா என்று இருக்கிறதா, மாவட்டம் என்று இருக்கிறதா என்பதுகூட ஓரளவு கைகொடுக்கும்.

ஆனால் தேதியைவிட முக்கியமான ஒன்று உண்டு. அந்தக் கடிதங்களைப் படிக்கும் பேரப்பிள்ளைகள் முதலில் ஏமாந்து போவார்கள். "நலம், நலமறிய ஆவல். மாடு எப்படி இருக்கிறது. கிணற்றில் தண்ணீர் எவ்வளவு. பெரியவர்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்." அவ்வளவுதான். மனைவிக்கு எழுதிய கடிதத்தில் மனைவியைப் பற்றி ஒரு வரி இருக்காது. இதை வைத்து அவர் ஈரமில்லாத ஆள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என் ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிதம் வந்தால் தபால்காரர்தான் திண்ணையில் உட்கார்ந்து சத்தமாகப் படிப்பார். மாமனார், மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அது தெரிந்த மனிதர் வேறு எப்படி எழுதுவார்? அதனால் கடிதத்தைப் படித்து முடித்ததும், இதை யார் யாருக்குப் படித்துக் காட்டினார்கள், பதிலை யார் எழுதினார்கள் என்று விசாரியுங்கள். ஆயாவிடம் கேட்டேன். "மாடு எப்படி இருக்குன்னு கேட்டா என்னைக் கேக்கறாருன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் புத்தகத்தில் அந்தக் கடிதத்துக்குப் பக்கத்திலேயே அச்சிட்டேன்.

மணியார்டர் துண்டுகளையும் விடாதீர்கள். பணம் வாங்கியதும் கிழித்துக் கையில் கொடுக்கும் அந்தச் சின்னத் துண்டில் இரண்டு வரி எழுத இடம் இருக்கும். பட்டாளத்துக்காரர்கள் அதை வீணாக்கவே மாட்டார்கள். ஆயா அவற்றை ஒரு மஞ்சள் பையில் போட்டு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தார். ஒன்றில், "இது கிணற்றுப் பணம். வேறெதற்கும் எடுக்க வேண்டாம்" என்று இருந்தது.

அவர் ஊரில் இல்லாத வருஷங்கள்

இந்த வேலையில் நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். பட்டாளத்துக்காரருக்கு வருஷத்துக்கு இரண்டு மாதம் ஆண்டு லீவு, அதுபோக கொஞ்சம் கேஷுவல். மீதி மாதம் முழுக்க வீட்டையும் நிலத்தையும் பார்த்தது யார்? அந்தப் பக்கங்கள் இல்லாமல் குடும்பத் தலைவரின் வரலாறு முழுமையாகாது.

நிலப் பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் "தாத்தா வாங்கின கொல்லி" என்று எல்லோரும் சொல்லும் ஒரு துண்டு நிலம் உண்டு. 1972-ல் எழுதிய கிரயப் பத்திரம். நான் முன்னே சொன்ன, டிஸ்சார்ஜ் புக்குக்குள் இருந்த நகல் இதுதான். அதில் வாங்குபவர் இடத்தில் ஆயா பெயர், ஆயாவின் இடது பெருவிரல் ரேகை. விலை பேசியது, முன்பணம் கொடுத்தது, சார்பதிவாளர் அலுவலகத்துக்குக் கைக்குழந்தையோடு போய் உட்கார்ந்தது எல்லாம் ஆயா. தாத்தா அப்போது பஞ்சாபில். பணம் அவர் சம்பளம், வேலை அவள் வேலை. தாத்தாவுக்கு இது நன்றாகத் தெரிந்திருக்கிறது, இல்லாவிட்டால் அந்த நகலைத் தன் சர்வீஸ் காகிதத்தோடு வைத்துப் பாதுகாத்திருக்க மாட்டார். புத்தகத்தில் அந்த ரேகையை ஒரு பக்கம் முழுக்கப் பெரிதாக்கிப் போட்டேன்.

நிலத்தின் கதையைத் தேட பட்டா, சிட்டா, அடங்கல் போதாது. மூலப் பத்திரங்களையும் பாகப்பிரிவினையையும் பாருங்கள். 1979-ல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், அதாவது யு.டி.ஆரில், சர்வே எண்ணும் பட்டாதாரர் பெயரும் மாறியிருக்கலாம். பழைய எண், புதிய எண் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்றைப் பதிவுத்துறை இணையதளத்தில் பார்க்கலாம், மிகப் பழைய வருஷங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். பெரியவர் கணக்கு நோட்டு வைத்திருந்தால் அதைத் தங்கம் மாதிரிக் காப்பாற்றுங்கள். விதைக் கடலை வாங்கியது, மோட்டார் காயில் கட்டியது, யாருக்குக் கைமாற்று கொடுத்தார், யார் திருப்பித் தரவில்லை, யாரிடம் அவர் கேட்கவே இல்லை என்பதெல்லாம் அதில் இருக்கும். கடன் விவரத்தில் மற்றவர் பெயரை மட்டும் அச்சிடாதீர்கள். அவர்கள் பிள்ளைகள் அதே தெருவில் இருக்கிறார்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

"தாத்தா எப்படிப்பட்டவர்?" என்று கேட்டால் "தங்கமான மனுஷன்" என்று பதில் வரும், அதோடு பேச்சு முடிந்துவிடும். சின்னச் சின்னதாகக் கேளுங்கள். லீவில் வரும்போது எந்த ரயிலில் வருவார், ஸ்டேஷனுக்கு யார் போவீர்கள்? பெட்டியை யார் தூக்குவார்கள்? முதலில் யாரைக் கூப்பிடுவார்? என்ன வாங்கி வருவார்? திரும்பிப் போகும் அன்று காலையில் வீட்டில் என்ன நடக்கும்? இப்படிக் கேட்டபோது பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். பட்டான்கோட்டில் ஏறி டெல்லி, அங்கிருந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் சென்னை, அப்புறம் காட்பாடி வழியாகக் குடியாத்தம். ஜம்மு வரை ரயில் வருவதற்கு முந்தைய காலம் அது. வந்து இறங்கும்போது அப்பாவின் சட்டையில் கரிப்புகை வாசனை அடிக்கும் என்றார். அந்த வாசனைதான் தனக்கு அப்பா என்றார்.

வருஷம் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. அதனால் ஊரறிந்த நிகழ்ச்சியோடு கட்டிக் கேளுங்கள். தனுஷ்கோடி புயலுக்கு முன்பா பின்பா, அது 1964 டிசம்பர். அண்ணா இறந்தபோது அவர் லீவில் இருந்தாரா, அது 1969 பிப்ரவரி. காமராசர் போனது 1975 அக்டோபர், எம்.ஜி.ஆர். முதல் முறை முதல்வரானது 1977. ஒரு நீளமான சார்ட் பேப்பரில் நடுவே வருஷங்களை எழுதி, இடது பக்கம் டிஸ்சார்ஜ் புக்கில் உள்ளதையும் வலது பக்கம் வீட்டில் நடந்ததையும் நிரப்பிக்கொண்டே வாருங்கள். கருமாதிக்கு எல்லோரும் கூடியிருக்கும்போது அதைச் சுவரில் ஒட்டிவிட்டால் யாராவது ஒருவர் போகிற போக்கில் திருத்திவிட்டுப் போவார். அத்தைகள் இதில் கெட்டிக்காரர்கள். யாருக்கு எப்போது குழந்தை பிறந்தது என்பதை வைத்தே எல்லாத் தேதியையும் பிடித்துவிடுவார்கள்.

பேச்சைப் போனில் பதிவு செய்யுங்கள், கேட்டுவிட்டுச் செய்யுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். ஒலிக்கோப்புக்குப் பேசியவர் உறவுமுறையையும் தேதியையும் பெயராகப் போட்டு இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்.

போரைப் பற்றி

போரைப் பற்றி அவர் பேசாமலே போயிருந்தால், அந்த மௌனத்தை நீங்கள் நிரப்பப் பார்க்காதீர்கள். எந்தப் படை எங்கே சண்டையிட்டது என்று பொதுவான வரலாற்றை எடுத்து அவர் வாயில் வைப்பது பெரிய அநியாயம். கூட இருந்தவர்களைத் தேடலாம். முன்னாள் படைவீரர் சங்கம், மிலிட்டரி கேண்டீன் வாசல், டிசம்பர் 7 கொடிநாள் நிகழ்ச்சி, இங்கெல்லாம் நம்பரையும் வருஷத்தையும் சொன்னால் யாராவது ஒருவர், "அவர் என் செட்டு ஆச்சே" என்பார். எனக்கு அப்படி ஆம்பூர் பக்கத்தில் ஒரு பெரியவர் கிடைத்தார். 1971 சண்டை நின்ற பிறகும் மாதக்கணக்கில் வயல்களில் கண்ணிவெடி எடுத்துக்கொண்டிருந்தோம் என்றார். யார் யார் திரும்பி வரவில்லை என்று சொல்லத் தொடங்கி, நிறுத்திக்கொண்டார். நான் மேலே கேட்கவில்லை. கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு தாத்தாவின் செல்லப் பெயரைச் சொன்னார். வீட்டில் யாருக்கும் தெரியாத பெயர் அது.

இன்னொரு பக்கம், சின்ன அத்தை சொன்னது: உழுத நிலத்தில் தகரம், டப்பா எது கிடந்தாலும் பிள்ளைகளைத் தொடவிடமாட்டார், குரல் நடுங்கக் கத்துவார், தானே போய் எடுப்பார். இரண்டையும் அடுத்தடுத்த பக்கத்தில் போட்டேன். "அதனால்தான் இது" என்று எழுதவில்லை. அவர் அப்படிச் சொன்னதில்லை.

கடுமையையும் எழுத வேண்டுமா?

குடும்பத்தைக் கட்டி ஆண்ட மனிதர் என்றால் அவரால் நொந்தவர்களும் இருப்பார்கள். என் தாத்தா பெரிய அத்தையை எட்டாம் வகுப்போடு நிறுத்தினார். அத்தையின் தம்பிகளைப் படிக்க வைத்தார். இதை எழுதுவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை எனக்கு இல்லை, அத்தைக்குத்தான் உண்டு. அவரிடமே கேட்டேன். "எழுது. கடைசி காலத்துல அவரே எங்கிட்ட சொல்லி வருத்தப்பட்டாரு. அதையும் சேர்த்து எழுது" என்றார். நொந்தவர் உயிரோடு இருந்தால் அவர் சம்மதம் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஒலிப்பதிவையும் அவரிடமே கொடுத்துவிடுங்கள். "தன்னலமற்ற, ஈடு இணையற்ற" என்று வரும் வரிகளை எல்லாம் வெட்டிவிட்டு, அந்த இடத்தில் அவர் செய்த ஒரு காரியத்தைப் போடுங்கள். இது இரங்கல் நோட்டீசுக்கும் பொருந்தும்.

கொடியும் மரியாதையும்

பாசத்தில் சில வீடுகளில் தேசியக் கொடியைக் கடையில் வாங்கிப் போர்த்திவிடுகிறார்கள். கொடியைப் போர்த்துவது அரசு மரியாதையோடும் படை மரியாதையோடும் நடக்கும் இறுதிச் சடங்குக்கு உரியது, அதிலும் கொடியைக் குழிக்குள் இறக்கவோ சிதையில் வைக்கவோ கூடாது என்பது கொடி விதி. எங்கள் ஊரில் முன்னாள் படைவீரர்கள் வந்து மலர் வைத்து, வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். அதுவே போதுமானதாக இருந்தது. தகவலை உடனே சங்கத்துக்கும் நல அலுவலகத்துக்கும் சொல்லிவிடுங்கள். ஆயாவின் ஓய்வூதிய வேலையும் அங்கிருந்தே தொடங்கும்.

அச்சுக்குக் கொடுக்கும்போது

பெரிய புத்தகம் வேண்டாம். முதல் திதிக்குள் முடிகிற அளவில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டே போகும். எழுத்து பெரிதாக இருக்கட்டும், படிக்கப்போவது வயதானவர்கள். ஒவ்வொரு படத்தின் கீழும் இடமிருந்து வலமாகப் பெயர் எழுதுங்கள், தெரியாதவர் இருந்தால் தெரியவில்லை என்றே போடுங்கள். புத்தகம் கைக்கு வந்ததும் அந்த முகத்தை யாராவது அடையாளம் காட்டுவார்கள். அச்சுக்கு முன்னால் முழுவதையும் ஆயாவுக்கு ஒரு முறை வாசித்துக் காட்டுங்கள். என் ஆயா இரண்டு ஊர்ப் பெயரைத் திருத்தினார், ஒரு மாட்டின் நிறத்தைத் திருத்தினார்.

அவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி, பங்காளி வீடுகளுக்கு ஒன்று, கூட இருந்த படைக்காரருக்கு ஒன்று, ஊர்ப் பள்ளி நூலகத்துக்கு ஒன்று. அசல் காகிதங்கள் யார் வீட்டில் இருக்கின்றன என்பதைக் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். அதற்குப் பின்னால் நாலைந்து வெற்றுத் தாள்களைச் சேர்த்தே தைக்கச் சொல்லுங்கள். புத்தகம் போய்ச் சேர்ந்த பிறகுதான் பலருக்கு ஞாபகம் வரும், அவரவர் கையெழுத்தில் எழுதிக்கொள்ள இடம் வேண்டும். அடுத்த திதிக்கு வரும்போது அவற்றை வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.